ஜன்னல்காரர் செய்த பல்

ஒரு கூட்டத்தில் யார் யார் வாயில் பொய்ப்பல் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பீங்கானுக்குப் பொழுதுபோக்கு. விருந்துக்குப் போனால் தட்டைப் பார்க்க மாட்டான், எதிரில் இருப்பவர்களின் வாயைப் பார்ப்பான். "அந்தக் கோடியில நீலச் சட்டை போட்டுக்கிட்டு ஒருத்தர் இருக்காரே, மேல்வரிசையில ரெண்டு பல்லு அவரோடது இல்ல" என்று மனைவியின் காதைக் கடிப்பான். டிவியில் செய்தி ஓடினால் செய்தி ஒரு வார்த்தைகூட அவன் மண்டையில் ஏறாது. வாசிக்கிறவரின் முன்பல் எந்த லேபில் செய்தது என்று யோசித்துக்கொண்டிருப்பான்.

அவன் பிழைப்பு அப்படி. பல் செய்யும் லேபில் வேலை. டாக்டர்கள் அனுப்புகிற அச்சை வைத்துக்கொண்டு, பீங்கான் பொடியைக் குழைத்து, மெல்லிய தூரிகையால் அடுக்கடுக்காகப் பூசி, சின்ன சூளையில் வேகவைத்துப் பல்லாக எடுப்பான். உடைந்த பல்லின்மேல் உறை மாதிரி மாட்டுவார்களே, எல்லாரும் கேப் என்று சொல்வது, அதில் அவன் கெட்டிக்காரன். பீங்கான் என்கிற பட்டப்பெயர் லேபில் வைத்தது. பீங்கானில் வேலை செய்கிறான் என்பதற்காக மட்டும் வைக்கவில்லை. லேசாக ஒரு தட்டு தட்டினாலும் விரிசல் விடுகிற சுபாவம் என்பதற்கும் சேர்த்துத்தான் வைத்தார்கள்.

அப்பேர்ப்பட்ட கண்ணுக்காரன், சொந்த மனைவியின் வாயில் இருந்த கேப்பைக் கல்யாணமாகி மூன்று மாதம்வரை கண்டுபிடிக்கவில்லை.

அதுவும் அவளாகச் சொன்னதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளைக் கத்தியால் துண்டு போட்டுத் தின்றுகொண்டிருந்தாள். "கடிச்சுச் சாப்பிட்டா என்ன, பல்லா இல்ல?" என்று இவன் கிண்டல் செய்தான்.

"முன்பல்லு ஒண்ணு கேப்புங்க. கடிக்கப் பயம்."

இவன் விழுந்து விழுந்து சிரித்தான். தன்னிடமே இப்படி ஒரு விளையாட்டா என்று நினைத்தான். அவள் சிரிக்கவில்லை. பிறகு டார்ச் வந்தது, பூதக்கண்ணாடி வந்தது, ட்யூப்லைட்டுக்குக் கீழே நாற்காலி வந்தது. எல்லாம் வந்தும் எந்தப் பல் என்று இவனால் சொல்ல முடியவில்லை. கடைசியில் அவள்தான் விரலை வைத்து, "இதுங்க" என்று காட்டினாள்.

"யார் செஞ்சது?"

"காலேஜ் படிக்கிறப்போ லைப்ரரி படியில விழுந்துட்டேன். பல் ஆஸ்பத்திரியில ஒருத்தர் செஞ்சு கொடுத்தாரு. பேரு தெரியாது. ஜன்னல்காரர்னு கூப்பிடுவாங்க."

ஜன்னல்காரரை இந்தத் தொழிலில் தெரியாதவர்கள் கிடையாது. ட்யூப்லைட் வெளிச்சத்தில் பல்லின் நிறம் பார்ப்பது பாவம் என்று நினைக்கிற மனிதர். ஆளை ஜன்னலோரம் உட்கார வைத்துப் பகல் வெளிச்சத்தில்தான் பார்ப்பார். அவர் செய்த பல் என்றால் டாக்டர்கள் ஒருவருக்கொருவர் கூப்பிட்டுக் காட்டிக்கொள்வார்கள். பீங்கானுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுண்டிப்போகும்.

அவள் பாட்டுக்கு ஆப்பிள் விதையை எடுத்துப் போட்டுக்கொண்டே சொன்னாள். "ஒரு மத்தியானம் முழுக்க ஜன்னலோரமா உட்கார வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்தாருங்க. வெயில் பக்கத்துல வந்தா நாற்காலியை நகர்த்துவாரு, மறுபடி பார்ப்பாரு. அதுக்கு முன்னாடியும் சரி, பின்னாடியும் சரி, என்னை அவ்வளவு நேரம் யாரும் பார்த்ததே இல்ல."

அவள் அதை ஒரு பொருட்டாகச் சொல்லவில்லை. சொன்ன கையோடு அடுத்த துண்டை வாயில் போட்டுக்கொண்டாள். ஆனால் அந்தக் கடைசி வார்த்தை பீங்கானுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பின்னாடியும் சரி என்றால் அந்தப் பின்னாடியில் தானும் உண்டா இல்லையா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அவள் சிரிப்பு லேசுப்பட்ட சிரிப்பு இல்லை. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணில் தண்ணீர் வர, பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன விஷயம் என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பாள். பெண் பார்த்துவிட்டு வந்ததும் இவன் "சரி" என்று சொன்னதே அந்தச் சிரிப்புக்காகத்தான். இப்போது அவள் சிரிக்கும்போதெல்லாம் முதலில் அந்தப் பல்தான் இவன் கண்ணில் பட்டது. இவன் சொன்ன நகைச்சுவைக்கு அவள் சிரிப்பாள், அங்கே இன்னொருத்தன் கைவேலை பளிச்சென்று தெரியும். முத்தம் கொடுக்கப் போகிற நேரத்தில்கூட நடுவில் ஜன்னல்காரர் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

குறை கண்டுபிடிக்க என்னென்னவோ செய்தான். மாடியில் அவள் துணி காயப்போடும்போது பின்னாலேயே போய், "இந்தப் பக்கம் திரும்பு, கண்ணுல ஏதோ தூசி" என்று சொல்லி வெயிலில் பார்த்தான். பக்கத்துப் பல்லில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. கேப்பிலும் அதே புள்ளி இருந்தது. பக்கத்துப் பல்லில் தலைமுடி மாதிரி மெல்லிய பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. கேப்பிலும் ஓடியது. படுபாவி, அழுக்கைக்கூட விடாமல் செய்து வைத்திருக்கிறானே என்று பீங்கானுக்கு வயிறு பற்றி எரிந்தது.

எரிந்தது எரிந்தபடியே வருஷங்கள் ஓடின. அவன் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோதுதான் அதற்கு ஒரு வழி கிடைத்தது.

அவன் மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கத்துகிற தொண்டைக்கு வேண்டும் என்று பாலில்லாத டீயைக் குடம் குடமாகக் குடிப்பாள். கல்யாணப் பேச்சு எடுத்ததிலிருந்து கண்ணாடி முன் நின்று உதட்டைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பல்லு மஞ்சளா இருக்குல்லங்க? தங்கச்சி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்தா அசிங்கமா இருக்கும்" என்றாள்.

எந்த நல்ல புருஷனும் அந்த இடத்தில் "அதெல்லாம் ஒண்ணும் இல்ல, நீ அழகாத்தான் இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். பீங்கானின் மூளை வேறு கணக்குப் போட்டது. பல்லை வெளுக்க வைக்கிற மருந்து சொந்தப் பல்லைத்தான் வெளுக்கும். பீங்கானில் செய்த கேப்பை ஒன்றும் செய்யாது. மற்ற பல் எல்லாம் வெள்ளையானால் கேப் மட்டும் மஞ்சளாக மாட்டிக்கொண்டு முழிக்கும். அப்புறம் அதை எடுத்துத்தானே ஆக வேண்டும். எடுத்தால் புதிதாகச் செய்து தர வீட்டிலேயே ஆள் இருக்கிறது.

"வெள்ளையாக்கிட்டாப் போச்சு" என்றான். குரலில் அவ்வளவு அக்கறை.

அவர்களுடைய டாக்டரம்மா நிதானமானவர். அவள் பல்லைத் தட்டிப் பார்த்து, சுரண்டிப் பார்த்து, முகத்துக்கு நேரே கண்ணாடியைக் கொடுத்துச் சொன்னார். "மேல படியற கறை வேற, பல்லுக்குள்ள இருக்கிற நிறம் வேற. உங்களுக்குப் பாதி டீக்கறைதான். சுத்தம் பண்ணாலே போயிடும். மீதி வயசு. வயசு ஏற ஏற மேல்பூச்சு தேயும், உள்ளே இருக்கிற மஞ்சள் வெளியே தெரியும். அது வியாதி இல்ல, எல்லாருக்கும் வர்றதுதான். சுத்தம் மட்டும் பண்ணிட்டு விட்டுடலாம்னு நான் சொல்லுவேன்."

"இல்ல டாக்டர், தங்கச்சி கல்யாணம். வெள்ளையாவே ஆக்கிடுங்க" என்றான் பீங்கான், பல் தன்னுடையது மாதிரி.

"ஆக்கலாம். ஆனா கேப் மாறாது, அதை எடுத்துட்டு வேற போடணும். வெளுத்ததும் அப்படியே நிக்காது. டீ குடிக்கக் குடிக்கக் கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும். உங்களுக்குத் தெரியாததா?" டாக்டரம்மா மறுபடி ஒருமுறை அவள் வாய்க்குள் குனிந்தார். "அருமையான வேலை சார் இது. எடுக்கவே மனசு வரல."

திரும்பும் என்று அவர் சொன்னது பீங்கானின் ஒரு காதில் நுழைந்து மறு காதில் வெளியே போய்விட்டது. அருமையான வேலை என்று சொன்னது மட்டும் போகாமல் நின்றது. "நான் செஞ்சு தர்றேன் டாக்டர். நீங்க எடுங்க" என்றான்.

பல் வெளுத்தது. வெளுக்கிற நாட்களில் அவளுக்குப் பல் கூச்சம் தாங்கவில்லை. தண்ணீரைக்கூட சுட வைத்துக் குடித்தாள். இவன் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று தைரியம் சொன்னான். நினைத்தபடியே கேப் மட்டும் பழைய நிறத்தில் தனியாக நின்றது. டாக்டரம்மா அதை அறுத்து இரண்டு துண்டாக எடுத்துக் குப்பையில் போடப் போனார். இவன் கையை நீட்டி வாங்கி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டான். எதிரியின் தொப்பியைப் பிடுங்கி வைத்துக்கொள்கிற மாதிரி ஒரு சந்தோஷம் அதில் இருந்தது.

புதுப் பல்லுக்கு அவன் உயிரைக் கொடுத்தான். லேபில் மற்ற வேலையெல்லாம் ஓரம் போனது. பால் நிறத்தில், புள்ளி கிடையாது, கோடு கிடையாது, பார்த்தால் கண்ணை எடுக்க முடியாத பல். கல்யாணத்தில் அவள் சிரித்த சிரிப்பில் போட்டோக்காரரே ஒருமுறை கேமராவை இறக்கிவிட்டுப் பார்த்தார். "அக்கா, கல்யாணம் உனக்கா எனக்கா?" என்று கொழுந்தியாள் செல்லமாகக் கோபித்துக்கொண்டாள். பீங்கானுக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவள் தன் மனைவியாகவே சிரித்தாள் என்று நினைத்துக்கொண்டான்.

டீ யாரையும் விட்டுவைப்பதில்லை. ஒரு வருஷம் ஆவதற்குள் மற்ற பற்கள் மெல்ல மெல்லப் பழைய நிறத்துக்கே திரும்பி வந்துவிட்டன. பீங்கான் செய்த பல் மட்டும் கல்யாணத்தன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றது. தினமும் பார்க்கிற கண்ணுக்கு முதலில் அது தெரியவில்லை. தெரிந்தவனும் வாயைத் திறக்கவில்லை.

ஒருநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் சொன்னாள். "இன்னைக்கு ஒரு குட்டி என்ன சொல்லுச்சு தெரியுமாங்க? மிஸ், உங்க பல்லு எல்லாம் தூங்குது, ஒண்ணு மட்டும் முழிச்சுக்கிட்டு இருக்குன்னு. கூட்டிட்டுப் போக வந்த அம்மா அப்பா எல்லாம் ஒரே சிரிப்பு."

அவளும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சிரிக்கும்போது கை தானாக எழுந்து வாயை மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் கை இறங்கவே இல்லை. போன் பேசும்போதுகூட, எதிரே யாரும் இல்லாவிட்டாலும், சிரிப்பு வந்தால் கை வாய்க்குப் போனது. தலையைச் சாய்த்துச் சிரிக்கிற சிரிப்பு குறைந்து குறைந்து உதட்டோரத்தில் வந்து நின்றது. பக்கத்து வீட்டம்மாவே, "என்ன, உங்க வீட்டுல சத்தத்தையே காணோம், சண்டையா?" என்று இவனைக் கேட்டார்.

ஜன்னல்காரரின் பல்லைப் பார்த்து எரிந்தபோது அந்தச் சிரிப்பாவது இருந்தது. இப்போது எரிவதற்கு ஜன்னல்காரரும் இல்லை, பார்ப்பதற்குச் சிரிப்பும் இல்லை. தன் கையாலேயே தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டோம் என்று அவனுக்கு நன்றாகவே விளங்கியது.

மறுபடி வெளுக்கலாமா என்று கேட்டதற்கு டாக்டரம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். "போன தடவையே அந்தக் கூச்சம் கூசினாங்க. திரும்பத் திரும்பப் பண்ணக் கூடாது. மத்த பல்லு இருக்கிற நிறத்துக்குக் கேப்பை மாத்துங்க."

மாற்றப் பார்த்தான். முதல் பல் மாட்டிப் பார்த்தபோது வெண்ணெய் மாதிரி மஞ்சளாக இருந்தது. அடுத்தது செத்த பல் மாதிரி சாம்பல் பூத்தது. இரண்டையும் டாக்டரம்மா ஒட்டாமலே திருப்பிக் கொடுத்தார். நிறம் பார்ப்பதற்கென்று பல் பல்லாகக் கோர்த்த மாதிரிப் பல்வரிசை ஒன்று உண்டு. அதை அவள் உதட்டருகே பிடித்துக்கொண்டு பீங்கான் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே நிற்பான்.

"சார், நிறம் முதல் பார்வையில தெரியறதுதான். அஞ்சாறு விநாடி தாண்டிட்டா கண்ணு களைச்சிடும், அப்புறம் எல்லாம் ஒண்ணாத்தான் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "நீங்க எவ்வளவு நேரமா அதையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?"

கல்யாணமாகி மூன்றாம் மாதத்திலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அவன் எப்படிச் சொல்வான்? மாதிரி வரிசையை மடக்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

அன்று சாயங்காலம் அவள் அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டே, இவனைத் தேற்றுகிற நினைப்பில் ஒன்று சொன்னாள். "விடுங்க. அந்தப் பழைய கேப்பும் போட்ட புதுசுல ஒத்துப்போகலதான். கொஞ்சம் மங்கலா இருந்துச்சு. நான் கண்ணாடியைப் பார்த்து அழுதுட்டேன். ஜன்னல்காரர் சொன்னாரு, 'உங்க பல்லு இப்படியே இருக்காதும்மா. வருஷம் போகப் போக இதுகிட்ட வந்து சேரும், அவசரப்படாதீங்க'ன்னு."

"வந்து சேர்ந்துச்சா?"

"நீங்கதான் டார்ச் அடிச்சும் கண்டுபிடிக்கலையே" என்று அவள் சிரித்தாள். வடிகட்டியைப் பிடித்திருந்த கையால் வாயை மூட முடியாமல், தோளால் மறைத்துக்கொண்டாள்.

பீங்கான் அறைக்குப் போய் அந்த டப்பாவைத் திறந்து இரண்டு துண்டையும் உள்ளங்கையில் போட்டுப் பார்த்தான். படியில் விழுந்து உதடு வீங்கி வந்த ஒரு காலேஜ் பெண்ணைப் பார்த்து, இவள் முப்பது வயதில் எப்படி இருப்பாள், நாற்பதில் எப்படி இருப்பாள் என்று அந்த ஆள் யோசித்திருக்கிறான். யோசித்து, அதற்குத் தகுந்த மாதிரி மங்கலாகச் செய்து, அவள் வந்து சேரட்டும் என்று காத்திருக்கச் சொல்லியிருக்கிறான். தான் யோசித்தது ஒரே ஒரு நாள் போட்டோவை. அதிலும் அவளை யோசித்தோமா என்று கேட்டால் அதுவும் இல்லை. இதுவரை எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி இப்போது எரிந்தது.

ஆனால் அடுப்படியில் அந்தத் தோள் உயர்ந்ததை அவன் பார்த்துவிட்டான். திரும்பி வந்து கதவில் சாய்ந்து நின்று, கசப்பு மாத்திரையை விழுங்குகிறவன் மாதிரி சொன்னான். "அவர்கிட்டயே போவோமா?"

"யார்கிட்ட?"

"உன் ஜன்னல்காரர்கிட்டதான்."

அவள் அடுப்பை அணைத்தாள். டீயை ஆற்றினாள், அவன் கையில் கொடுத்தாள். "போலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். போகிற அன்றைக்குக் காலையில் தங்கை கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுப்புடவையை எடுத்து, அதிகப்படியோ என்று யோசித்து மடித்து வைத்துவிட்டு, அதற்கு அடுத்தபடியானதைக் கட்டிக்கொண்டாள். உதட்டுச் சாயம் பூசினாள். பூசாதவள். பீங்கான் பல்லைக் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தான்.

ஜன்னல்காரர் இப்போது ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே சொந்தமாக லேப் வைத்திருந்தார். மாடிப்படி ஏறும்போது பீங்கான் மனதில் ஒரு சினிமா நாயகனையே நிறுத்தியிருந்தான். கதவைத் திறந்தவர் குள்ளமாக, தொந்தியும் தொப்பையுமாக, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியோடு இருந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் டீயில் தோய்த்த பிஸ்கட். சிரித்தபோது அவருடைய சொந்தப் பல்வரிசை துருப்பிடித்த கம்பிவேலி மாதிரி இருந்தது. பீங்கானுக்கு அந்த நிமிஷம் உலகமே நல்ல இடமாகத் தோன்றியது.

"உட்காருங்கம்மா. எந்த டாக்டர் அனுப்பினாங்க?"

அவள் உட்காரவில்லை. கையால் வாயை மறைத்தபடி, "பழைய கேப் நீங்க செஞ்சதுதான் சார்" என்றாள். பீங்கான் டப்பாவை நீட்டினான்.

ஜன்னல்காரர் பிஸ்கட்டை வாயில் போட்டுக்கொண்டு துண்டுகளை எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பினார். "ஆமா, என் வேலைதான். இந்த வெள்ளைப் புள்ளி ஞாபகம் இருக்கு, மூணு தடவை சுட்டேன் இதுக்கு. நல்லாத்தானே இருக்கு. இதை யாரு அறுத்தது?"

"பல்லை வெள்ளையாக்கினோம் சார்."

"எதுக்கு?"

அவள் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "என்னை ஞாபகம் இருக்கா சார்?" என்று கேட்டாள்.

அவர் நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி ஒருமுறை பார்த்தார். "எத்தனையோ பேர் வர்றாங்கம்மா. பல்லைக் காட்டினா யாரு செஞ்சதுன்னு சொல்லிடுவேன். முகம் மனசுல தங்காது."

"அதுவும் சரிதான்" என்று அவள் கைக்குப் பின்னால் சிரித்தாள். ஜன்னலோரம் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவர் வாயைத் திறக்கச் சொன்னார். டாக்டரிடம் திறக்கிற மாதிரி விறைப்பாகத் திறந்தாள். "இப்படி இழுத்துப் பிடிச்சா நிறம் தெரியாது. சாதாரணமா சிரிங்கம்மா" என்றார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. உதடு மூடிக்கொண்டது. அவர் அலுத்துக்கொண்டு, "முதல்ல அந்த உதட்டுச் சாயத்தைக் கழுவிட்டு வாங்க, அது கண்ணை ஏமாத்துது" என்றார். அவள் எழுந்து வெளியே குழாயடிக்குப் போனாள். நடையில் ஒரு தளர்ச்சி தெரிந்தது.

பீங்கான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். இத்தனை வருஷமாக எந்த நினைப்பை நினைத்து வெந்தானோ அந்த நினைப்புக்கு ஆதாரமே இல்லை என்று ஆகிவிட்டது. ஆனால் அவனுக்கு வந்தது கோபம். அவள் அந்த ஒரு மத்தியானத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள், இந்த ஆளுக்கு முகம்கூடத் தங்கவில்லையாம். அவளை மறக்க இவருக்கு என்ன துணிச்சல் என்று பீங்கானுக்குக் கை துறுதுறுத்தது.

"அண்ணே" என்று பக்கத்தில் போனான். குரல் மட்டும் கெஞ்சியது. "லைப்ரரி படியில விழுந்து வந்த பொண்ணு. மத்தியானம் முழுக்க உட்கார வச்சீங்க. வெயில் வர வர நாற்காலியை நகர்த்தினீங்க. ஞாபகம் இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

"எல்லாரையும் அப்படித்தானே தம்பி உட்கார வைக்கிறேன்."

"அது அவளுக்குத் தெரிய வேண்டாம்."

ஜன்னல்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"அவ வீட்டுக்காரன்."

"அந்த வெள்ளைப் பல்லு?"

"அதுவும் நான்தான்."

ஜன்னல்காரர் டீயின் அடிமண்டியைக் குடித்து முடித்தார்.

அவள் முகம் துடைத்துக்கொண்டே வந்து உட்கார்ந்தாள். அவர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினார். தள்ளி நின்று பார்த்தார். மறுபடி நகர்த்தினார். பிறகு ஏதோ தோன்றியவர் மாதிரி விரலை ஆட்டினார். "லைப்ரரி படியில விழுந்த பொண்ணுதானே நீங்க? முகம் கழுவினதும் அடையாளம் தெரியுது பாருங்க. நான் நாற்காலியை நகர்த்த நகர்த்த, 'இப்படியே தள்ளிக்கிட்டுப் போனீங்கன்னா சாயங்காலம் எங்க வீட்டுலயே கொண்டு போய் விட்டுடுவீங்க போல'ன்னு சொன்னீங்களே."

பீங்கான் இதை அவரிடம் சொல்லவில்லை. இது அவனுக்கே தெரியாது.

"ஆமா சார்" என்று அவள் கத்தியேவிட்டாள். தலை பின்னால் சாய்ந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடையில் இருந்தவர் படிக்கட்டில் தலையை நீட்டி என்ன விஷயம் என்று பார்த்தார். அவள் இரண்டு கைகளும் மடியில் கிடந்தன.

ஜன்னல்காரர் தன்னுடைய மாதிரிப் பல்வரிசையை அவள் உதட்டருகே கொண்டுபோய், ஒரு பார்வை பார்த்து, உடனே எடுத்துவிட்டார். "கிடைச்சுடுச்சு. நிறம் ஏ-த்ரீ, ஈறைத் தொடுற கழுத்துக்கிட்ட மட்டும் ஒரு சுற்று அழுத்தம். குறிச்சுக்கோங்க தம்பி." பீங்கான் அவருடைய மேஜையிலிருந்தே பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டான்.

"இதைவிடக் கொஞ்சம் மங்கலாத்தான் செய்வேன்மா. முதல்ல பிடிக்காது."

"தெரியும் சார்" என்றாள் அவள். "நான் மெதுவா வந்து சேர்ந்துக்கறேன்."

திரும்பி வரும் வழியில், சிக்னலில் வண்டி நின்றபோது, பீங்கானால் அடக்க முடியவில்லை. "அந்த நாற்காலி விஷயம். நிஜமாவே நீ அப்படிச் சொன்னியா?"

"சொன்னேனே. எனக்கே மறந்துபோச்சு, அவரு ஞாபகம் வச்சிருக்காரு பாருங்க."

"என்கிட்ட நீ இதைச் சொல்லவே இல்லையே."

"எல்லாத்தையும் உங்ககிட்டச் சொல்லிக்கிட்டே இருக்கணுமா என்ன" என்று அவள் பின்னாலிருந்து சிரித்தாள். அந்த ஆளுக்கு உண்மையிலேயே ஞாபகம் வந்ததா, இல்லை ஜன்னலோரம் உட்காருகிற எல்லாருமே அதைத்தான் சொல்வார்களா என்று பீங்கானுக்குத் தெரியவில்லை. இனி தெரியப்போவதும் இல்லை. போய்க் கேட்கவும் முடியாது. சொல்லச் சொன்னதே அவன்தான்.

வயிறு பழையபடி எரிய ஆரம்பித்தது. அவன் வண்டியின் பக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பி வைத்தான். அதில் அவள் முகம் தெரிந்தது. அந்த வெள்ளைப் பல் இன்னும் தனியாகத்தான் தெரிந்தது. பக்கத்தில் பஸ்ஸிலிருந்து யாரோ அவளையே பார்த்தார்கள். அவள் சிரித்துக்கொண்டே இருந்தாள், கை வாய்க்குப் போகவில்லை. பச்சை விளக்கு விழுந்து பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடிக்கும்வரை அவன் அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.